பாண்டிச்செல்வி வீட்டு மாடி

போன வாரம் நண்பரின் மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். "மாமா, பங்குனிப் பொங்கலுக்கு நாங்க நாலு பேரு விருதுநகர் வர்றோம். அக்கினிச்சட்டி பாக்கணும், பழைய தெருவெல்லாம் சுத்தணும், எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடணும். எந்த ஏரியாவுல ரூம் போட்டா நல்லாருக்கும்?" என்றாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் பிழைப்பு.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் விருதுநகரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வரவேற்பு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சாவியை எடுத்துக் கொடுப்பதும், தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் இப்போது வந்துவிடும் என்று பொய் சொல்வதும்தான் வேலை. பங்குனி மாதம் மட்டும் எனக்கு மவுசு கூடிவிடும். லாட்ஜ் நிரம்பியதும், மிச்சம் வருகிறவர்களுக்கு ஊருக்குள் மாடி வீடுகளில் அறை பிடித்துக் கொடுப்பேன். சிவகாசிக்குப் பட்டாசு ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்கு மெத்தையும் போனும் இருந்தால் போதும். ஜோல்னாப் பையும் கேமராவுமாக வருகிறவர்கள்தான் பாடாய்ப் படுத்துவார்கள். "இந்த லாட்ஜ் எல்லா ஊர்லயும் இருக்கு. நிஜமான ஊர் எங்க இருக்கு?" என்று ஒருவர் கேட்டே விட்டார். அவரை பஜாருக்குள் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்கு மேலே தங்கவைத்தேன். மறுநாள் தும்மித் தும்மிக் கண் சிவந்து வந்து, நிஜமான ஊர் போதும் என்றார்.

வத்தல் நெடி இன்றைக்கு மூக்கில் ஏறினாலும் எனக்கு அந்த நெடிக்குள் ரத்த வாடையும் சேர்ந்துதான் அடிக்கிறது. அதற்குக் காரணம் கும்பகோணத்திலிருந்து வந்த அக்கா தங்கை இருவர்.

மூத்தவர் விசாலம், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். இளையவர் சாந்தா, தபாலாபீசில் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருடத்துக்கு ஒரு ஊர் என்று வைத்துக்கொண்டு அந்த ஊர்த் திருவிழாவை இருந்து பார்ப்பார்கள். விசாலம் என்னிடம், "தம்பி, கோயிலுக்குப் பக்கத்துல வேண்டாம். கோயிலுக்குப் போறவங்க குடியிருக்கிற தெருவுல வேணும்," என்றார். இத்தனை தெளிவாகக் கேட்டவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பஜாருக்குப் பின்னால் வத்தல் குடோன்களை ஒட்டி ஒரு குறுகலான தெரு இருந்தது. அதில் ஒரு மாடி வீட்டில் கீழே பாண்டிச்செல்வி குடியிருந்தாள். மாடி அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவளுடையதுதான். புருஷன் முருகன் குடோனில் மூட்டை தூக்கினார். அங்கே அவர்களைக் கொண்டுபோய் விட்டேன். பாண்டிச்செல்வி வாசலுக்கு வந்து, "வாங்கக்கா. சாப்பிட்டீகளா? படி செங்குத்தா இருக்கும், சுவத்தப் பிடிச்சு ஏறுங்க," என்றாள். சாயங்காலத்துக்குள் மூவரும் ஒரே சுளகில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்தத் தெரு முனையில்தான் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நிற்கும். பொழுது சாய்கிற நேரத்தில் பெண்கள் இறங்குவார்கள். முகம், கழுத்து, கை எல்லாம் வெள்ளி பூசியது மாதிரி மின்னும். வெளியூர்க்காரர்கள் அதை ஆசையாகப் படம் பிடிப்பார்கள். விசாலம் படம் பிடிக்கவில்லை. "அது என்ன பளபளப்பு?" என்று பாண்டிச்செல்வியிடம் கேட்டார்.

"பட்டாசு மருந்துக்கா. எம்புட்டுத் தேய்ச்சாலும் போகாது. நானும் அப்பிடித்தான் மினுக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"இப்ப ஏன் போறதில்ல?"

அப்போதுதான் அவள் சொன்னாள். ஆமத்தூர் தாண்டி ஒரு கம்பெனியில் அவளும் அவள் நாத்தனார் ராக்கம்மாளும் வேலை பார்த்தார்கள். லைசென்சுக்காரர் ஒருவர், ஆனால் உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவன் வேறொருவன். வடக்கே கல்யாண சீசனுக்கு லோடு ஏற்றவேண்டிய அவசரத்தில், மருந்து கலக்கும் அறையில் இருக்கவேண்டியதைவிட அதிகமான ஆட்களை அடைத்துவைத்திருந்தான். தை மாதம் அந்த அறை வெடித்தது. ராக்கம்மாளைக் காலில் கிடந்த மெட்டியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனது ராக்கம்மாள்தான் என்று குத்தகைக்காரன் சொல்லிவிட்டான். பக்கத்து அறையில் இருந்த பாண்டிச்செல்வியும் விசாரணையில் அப்படியே சொல்லவேண்டும் என்று ஆள் மேல் ஆள் விட்டான்.

"செத்தவ மேலயே பழியப் போடச் சொல்லுதாக. நான் மாட்டேன்னுட்டேன். எம் புருஷன்கூடப் பயப்படுதாரு. ஆனா கூடப் பொறந்தவளாச்சே, அவராலயும் அப்பிடிச் சொல்லுன்னு சொல்ல முடியல," என்றாள். விசாலம் கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளினாராம். சாந்தாதான் இதையெல்லாம் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அக்கினிச்சட்டி அன்று தெருவே கோயிலுக்குப் போய்விட்டது. முருகனும் வேண்டுதலுக்குச் சட்டி எடுத்திருந்தார். விடியற்காலையிலிருந்து நின்று பார்த்ததில் சாந்தாவுக்கு முட்டி வீங்கிவிட, அக்காளும் தங்கையும் உச்சி வேளைக்கு முன்பே மாடிக்குத் திரும்பியிருந்தார்கள். ஒத்தடம் கொடுக்க விசாலம் அடுப்பில் பெரிய குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவிட்டிருந்தார். கீழே வாசலில் பாண்டிச்செல்வி மாவிளக்குக்குப் பச்சரிசி இடித்துக்கொண்டிருந்தாள். மெஸ்ஸிலிருந்து சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு நான் தெருவுக்குள் நுழைந்தேன்.

இரண்டு பைக்குகள் என்னை உரசிக்கொண்டு போயின. மூன்று பேர். இறங்கிய வேகத்திலேயே ஒருவன் பாண்டிச்செல்வியின் கொண்டையைப் பிடித்து இழுத்தான். "ஏலே, இந்தச் சிறுக்கிதானா?" என்று இன்னொருவனிடம் கேட்டான். அந்த இன்னொருவன் சட்டைக்குள்ளிருந்து அரிவாளை உருவினான்.

"விசாரணையில என்ன சொல்லணும்னு தெரியுமாட்டி?"

"தெரியும். ராக்கு தீப்பெட்டி கொண்டு போகலன்னு சொல்லணும்."

அவள் உலக்கையை வீசியதில் கொண்டையைப் பிடித்திருந்தவனின் முட்டி உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். அரிவாள் இறங்கியது. தலைக்கு வந்ததை இடது கையால் தடுத்தாள். இரண்டு விரல்கள் பச்சரிசி மாவில் விழுந்தன. வெள்ளை மாவு ரத்தத்தை உறிஞ்சிச் சிவந்ததை நான் பார்த்தேன். அவள் கத்தவில்லை. வலது கையில் இருந்த உலக்கையை விடவும் இல்லை.

இரண்டாவது வெட்டுக்கு அவன் கையை ஓங்கியபோது மாடியிலிருந்து கொதிக்கிற தண்ணீர் அப்படியே அவன் தலையில் கொட்டியது. அரிவாளைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் தெருவில் உருண்டான். நிமிர்ந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவர் ஓரம் விசாலம் வெறுங்குண்டானோடு நின்றார். அடுத்து அந்தக் குண்டானையும் எறிந்தார். குறி தவறி என் தோளில் விழுந்தது. கணக்கு டீச்சர்தானே, விளையாட்டு டீச்சர் இல்லையே.

மூன்றாமவன் படியேறப் போனான். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததென்று கேட்காதீர்கள். தைரியம் என்று அதைச் சொல்லவும் முடியாது. கையில் இருந்தது கேரியர். அதைச் சுழற்றி அவன் மண்டையில் அடித்தேன். சாம்பாரும் ரசமும் இரண்டு பேர் மேலும் கொட்டின. அவன் திரும்பி என் வாயில் குத்தினான். முன்பற்கள் இரண்டு உள்ளே போய்விட்டன. இப்போது நான் சிரிக்கும்போது தெரிவது கட்டிய பற்கள். விழுந்த என் விலாவில் அவன் மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் தெருவின் பெண்கள் கோயிலிலிருந்து மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகத் திரும்பி வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அடிதடி என்று சொல்வது குறைத்துச் சொல்வதாகும். ஒருத்தி அம்மிக் குழவியை எடுத்தாள். ஒருத்தி விளக்குமாற்றின் அடிக்கட்டையால் குத்தினாள். ராக்கம்மாளோடு ஒரே வேனில் போனவர்கள் அவர்கள். அன்றைக்குத் தப்பித்தவன் யாரும் இல்லை. நொண்டியவன் கும்பிட்டான், கும்பிட்ட கையிலும் அடி விழுந்தது. "போதும், செத்துருவான்! செத்தா கேசு நம்ம மேல வந்துரும்!" என்று பாண்டிச்செல்விதான் கத்தினாள். சாந்தா வீங்கிய காலோடு இறங்கி வந்து, தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவள் கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்டிருந்தவர் அக்காள் தங்கைக்கு நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்னார். "நீங்க ஊரு பாக்க வந்தவுக. பாத்தாச்சுல்ல, ரயிலேறுங்க. கோர்ட்டு கேசுன்னு எதுக்கு அலையுதீக?"

விசாலம், "நான் பார்த்தது இதுதான் சார். எழுதிக்கோங்க," என்றார்.

கட்டுப்போட்ட கையோடு பாண்டிச்செல்வி விசாரணைக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். ராக்கம்மாள் மேல் இருந்த பழி நீங்கியது. கம்பெனியைப் பூட்டினார்கள், பிறகு வேறு பெயரில் திறந்தார்கள். வெட்டிய வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் வருடக்கணக்காக இழுத்தது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் இருவரும் கும்பகோணத்திலிருந்து வந்து அதே மாடியில் தங்குவார்கள். வாய்தா தள்ளிப்போனால் வத்தல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏறியபோது எதிர்த்தரப்பு வக்கீல் விசாலத்திடம், "நீங்க திருவிழா வேடிக்கை பாக்க வந்தவங்க. அந்தத் தெருவுக்கும் உங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார்.

"நான் அந்தத் தெருவுல குடியிருந்தேன்."

"குடியிருந்தீங்களா? கொஞ்ச நாள் வாடகைக்குத் தங்குனீங்க."

"குடியிருந்தேன்," என்றார் மறுபடியும், கரும்பலகையில் விடையை எழுதி அடிக்கோடு போடுவது மாதிரி.

மூன்று பேருக்கும் தண்டனை கிடைத்தது. அனுப்பிய குத்தகைக்காரன் பெயர் எந்தச் சாட்சியிலும் நிற்கவில்லை. வெளுத்த வேட்டியோடு திருவிழாக்களில் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

பாண்டிச்செல்வி பட்டாசு வேலைக்குத் திரும்பவில்லை. வாசலிலேயே பணியாரக் கடை போட்டாள். மூன்று விரலே மிஞ்சிய இடது கையால் கம்பியைப் பிடித்து அவள் பணியாரத்தைத் திருப்பிப் போடுவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் வந்தார்கள். வந்தவர்கள் ருசிக்காகத் திரும்ப வந்தார்கள். பிறகு குடோன்காரர்கள் அந்த இடத்தை மொத்தமாக வாங்கி, வீடுகளை இடித்துப் பெரிய சரக்குக் கிட்டங்கியாகக் கட்டினார்கள். தெரு இருந்த இடம் லாரி நிற்கும் இடமாயிற்று. குடியிருந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். பாண்டிச்செல்வி சாத்தூரில் மகள் வீட்டுப் பக்கம் கடையை மாற்றிக்கொண்டாள். நான் வேலை பார்த்த லாட்ஜும் இப்போது செல்போன் கடை.

சில வருடங்களுக்கு முன் சாந்தா போன் செய்தார். தூக்கத்திலேயே அக்கா போய்விட்டதாகச் சொன்னார். நான் பஸ் பிடித்துச் சாத்தூர் போய்ப் பாண்டிச்செல்வியிடம் சொன்னேன். அவள் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். ஊற்றிவைத்த பணியாரங்கள் வேகாமல் அப்படியே கிடந்தன. பொட்டலத்துக்குக் காத்திருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள்.

"எங்க தெருவுல ஒரு சாவு. இன்னைக்குக் கடை இல்ல," என்றாள்.

அப்போது அந்தத் தெருவே இல்லை.