பேசாத நாயகனுக்காகப் பேசியவன்

என் தம்பி சேகரின் பேச்சைக் கொன்றவள் நான்தான். கைதவறி நடந்ததல்ல. ஒரு கணினி விளையாட்டை அழித்து, தெரிந்தே அதைச் செய்தேன்.

சிரிக்கிறீர்களா? விளையாட்டை அழித்தால் ஒருவனுக்குப் பேச்சு போய்விடுமா என்று? கேளுங்கள்.

இரண்டாயிரத்தெட்டு வாக்கில் எங்கள் வீடு திண்டிவனத்தில் இருந்தது. நான் விழுப்புரத்தில் தட்டச்சர் வேலைக்கு ரயிலில் போய்வந்தேன். சேகருக்கு இருபத்து மூன்று வயது. கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை. ஒரு மாலை, பக்கத்து ஊரான வல்லத்தில் காதுகுத்துக்குப் போய்விட்டு அப்பாவை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திரும்பினான். வண்டி மைல்கல்லில் மோதியது. அப்பா அங்கேயே போய்விட்டார். சேகருக்குக் கை முறிந்தது.

"நாய் குறுக்க வந்துடுச்சி" என்றான். எல்லோரும் நம்பினார்கள். நான் நம்பவில்லை... அந்த நாயை நான் ஒருநாளும் நம்பியதில்லை!

அதன்பின் சேகர் எங்களிடம் பேசுவது குறைந்துகொண்டே போனது. பழைய கணினி ஒன்றைத் தன் அறையில் வைத்து, ஓய்ந்த நேரமெல்லாம் ஒரே விளையாட்டு. எட்டிப் பார்த்திருக்கிறேன். சாம்பல் மூடிய ஊர், ஆளற்ற வீடுகள், ஓயாத மழை. நாயகன் தன்னந்தனியே நடக்கிறான். எஞ்சியிருப்பவர்கள் அவனிடம் அழுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். அவனோ முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் பேசுவதில்லை. இத்தனை இருண்ட கதையை யாராவது விரும்பி விளையாடுவார்களா? இதுதான் இவனையும் ஊமையாக்குகிறது என்று சந்தேகித்தேன்.

ஒரு ஞாயிறு மதியம், மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: "உள்ள யாராண்டயோ பேசிக்கினு கீறான்டி. யாருன்னு பாரு."

கதவருகே போய் நின்றேன். உண்மையிலேயே பேசிக்கொண்டுதான் இருந்தான், ஆனால் கைப்பேசியில் அல்ல. திரையில் ஒரு கிழவர் ஆங்கிலத்தில் எதையோ கேட்டார். நாயகன் வழக்கம்போல் மௌனம். அந்த மௌனத்துக்குள் என் தம்பி தமிழில் பதில் சொன்னான்!

"உன்ன வுட்டுட்டு நான் ஓடலப்பா... கை வரல. தூக்க முடியல..."

நாயகனை ஏன் பேசாதவனாகப் படைத்தார்கள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அவன் பேசாமல் விட்ட இடத்தில்தான் சேகர் பேசிக்கொண்டிருந்தான். உலகத்தில் வேறெங்கும் அவனால் அது முடியவில்லை.

உள்ளே போய் அவன் தோளைத் தொட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒட்டுக்கேட்டேன். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும்! அவன் வாயிலிருந்து ஒன்று வந்துவிடுமோ என்ற பயத்தில்...

வந்தது.

"நாய்லாம் ஒண்ணும் வர்லப்பா. அக்கா போன் பண்ணிக்கினே இருந்துச்சி. ஒத்தக் கைல ஓட்டிக்கினு எடுத்துட்டேன்பா. யாராண்டயும் சொல்ல மாட்டேன். அக்கா தாங்காது."

ஆம், என் அழைப்புதான்! அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு என்னை ரயிலடியிலிருந்து அழைத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தான். தாமதமானது. விடாமல் அழைத்தேன். எடுத்ததும், "எங்கடா கீற? எவ்ளோ நேரம் நிக்கறது?" என்று கத்தினேன். ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை... அப்பாவின் உடல் வீட்டுக்கு வருமுன்பே என் கைப்பேசியிலிருந்து அந்த அழைப்புகளை அழித்துவிட்டேன்.

அவன் என்னைக் காத்துக்கொண்டிருந்தான். நானோ, அம்மாவின் காதில் இது விழுந்துவிட்டால் என்னாவது என்று மட்டுமே நினைத்தேன்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். அவன் கடைக்குப் போனதும் கணினியிலிருந்து விளையாட்டை நீக்கினேன். அதன் குறுவட்டை உடைத்துக் குப்பையில் போட்டேன். மாலையில் அவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வைரஸ் வந்துடுச்சி போலருக்குடா" என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்தான். "சரிக்கா."

அவ்வளவுதான். வட்டை அவன் தேடக்கூட இல்லை. ஏன் தேடவில்லை? கதவுக்குப் பின்னால் நான் நின்றது தெரியுமோ? ஒருவேளை நான் கேட்க வேண்டுமென்றே அதைச் சொன்னானோ... நான் உள்ளே வருவேன் என்று காத்திருந்தானோ? இத்தனை ஆண்டுகளாக அவன் முகத்தில் இதைத்தான் தேடுகிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

இப்போது அவன் விழுப்புரத்தில் குடும்பமாக இருக்கிறான். கேட்டால் ஒரு சொல் பதில் வரும், அதற்குமேல் வராது. அண்மையில் அவன் மனைவி என்னைத் தனியே அழைத்துக் கேட்டாள்.

"அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. இவரு ஏன் வாயே தொறக்க மாட்டேன்றாரு? எம்மேல எதனா கோவமா?"

அவள் கண் கலங்கியிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? உங்களிடம் சொல்ல முடிகிற எனக்கு அவளிடம் ஏன் முடியவில்லை?

"இல்லம்மா... அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். அதன்பிறகு அவளும் அவனிடம் எதுவும் கேட்பதில்லை.