கொள்ளுத்தாத்தாவின் பிரெஞ்சுக் கடிகாரம்

எங்கள் சேலையூர் வீட்டு ஹாலில் இயேசு படத்துக்கு அடுத்தபடியாக மரியாதை பெற்ற பொருள் ஒரு பிரெஞ்சுக் கடிகாரம். ஒரு சாண் உயரப் பித்தளைப் பெட்டி, நாலு பக்கமும் கண்ணாடி, தூக்குச்சட்டிக்கு இருப்பதுபோல் மேலே ஒரு கைப்பிடி. குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போகும் துரைமார் கூடவே தூக்கிப் போவதற்காகப் பாரிஸில் செய்தது. உச்சியில் உள்ள பொத்தானை அழுத்தினால், கடைசியாக அடித்த மணியை மறுபடி அடித்துக் காட்டும்.

அது எங்களிடம் வந்த கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போதும் அப்பா சொல்வார். கொள்ளுத்தாத்தாவின் நேர்மையை மெச்சி, ஒரு துரை கப்பலேறுமுன் தன் கையால் கொடுத்தாராம். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பரீட்சையில் எட்டிப் பார்த்ததற்காகச் சொந்தத் தங்கை மகனையே வெளியே நிறுத்தியவர். "அந்த ரத்தம்தான் நம்ம உடம்புல ஓடுது" என்று முடிப்பார். பொழிச்சலூரிலிருந்து வந்திருக்கும் அத்தை, "ரத்தம் எனக்கும்தான் ஓடுது. கடிகாரம் மட்டும் உங்களுக்கா அண்ணா?" என்பார். பிரியாணி ஆறிப்போகும்.

போன வருஷம் கடிகாரம் நின்றுவிட்டது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக் கடைக்கு எடுத்துப் போனேன். ரிப்பேர்காரர் அடித்தட்டைக் கழற்றியதும் உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அக்கா, உள்ள சீட்டு ஒண்ணு கீது. இங்கிலீஷ்ல எய்திக்கீது."

படித்தேன். ஏதோ ஒரு கிளப்பின் பெயரை எண்ணெய்க் கறை தின்றிருந்தது. மிச்சம் தெளிவாக இருந்தது: 'கிளப்பின் சொத்து. வாசிப்பறையை விட்டு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.'

அர்த்தம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்துகினு வந்துட்டாங்களே" என்றார்.

அத்தைக்கு போன் போட்டேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"தாத்தா அந்த கிளப்புல தூசி தட்டுற வேலைதான் பார்த்தாரு. அம்மா எனக்குச் சொல்லியிருக்காங்க. அண்ணன்கிட்ட சொன்னா ஒரு வாரம் சாப்பிட மாட்டாருன்னு விட்டுட்டோம்."

ஒரு வாரமில்லை, இரண்டு நாள்தான். ரிப்பேராகி ஓடத் தொடங்கிய கடிகாரத்தோடு சீட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைப் படித்த அப்பா கடிகாரத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். பெயர் தெரியாத கிளப்பை எங்கே போய்த் தேடுவது? "திருட்டுச் சாமான் இருக்குற வீட்டுல எப்படி ஜெபம் பண்றது?" என்று புலம்பினார். கடைசியில் நான் எங்கள் சர்ச் ஆயரை அழைத்து வந்தேன்.

ஆயர் எல்லாவற்றையும் கேட்டார். துண்டை விலக்கிப் பொத்தானை அழுத்தினார். கடிகாரம் பதினொன்று அடித்தது. அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, மறுபடியும் அழுத்தினார்.

"சார், எடுத்தவரும் போய்ச் சேர்ந்தாச்சு, பறிகொடுத்தவங்களும் போய்ச் சேர்ந்தாச்சு. அங்க பேசித் தீர்த்திருப்பாங்க. நீங்க டிபன் சாப்பிடுங்க."

அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார். ஆனால் கடிகாரத்தை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. தங்கையைக் கூப்பிட்டு, "நீயே எடுத்துட்டுப் போ" என்றார். அண்ணனின் மனம் மாறுவதற்குள் அத்தை கடிகாரத்தைப் போர்வையில் சுற்றிப் பைக்குள் வைத்து, என் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தார்.

பல்லாவரத்தில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். அத்தை தலையில் ஹெல்மெட் இல்லை, கொண்டை கலைந்துவிடுமாம். நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க, அத்தை பயத்தில் பையை இறுக்கிக்கொண்டார். உள்ளே பொத்தான் அழுந்தி, கணகணவென்று ஐந்து அடித்தது.

போலீஸ்காரர் ஓரடி பின்வாங்கினார். "இன்னாமா அது?"

"திருட்டுக் கடிகாரம் தம்பி" என்றார் அத்தை. "எங்க தாத்தா வெள்ளைக்காரன் கிளப்புலருந்து தூக்கிட்டு வந்தது."

அவர் அத்தையின் நரைத்த தலையையும், கழுத்துச் சிலுவையையும், பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த தபா ஹெல்மெட் போட்டுகினு வாம்மா. கெளம்பு" என்றார்.

அத்தை என் முதுகில் தலையை முட்டிக்கொண்டு பம்மல் வரைக்கும் சிரித்தார். கொண்டை முழுதாகக் கலைந்துவிட்டிருந்தது.