காசிமாயன் எடுக்கும் கோட்டம்

காளவாசலில் காசிமாயன் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தொங்கும் ரிம்கள்தான் அடையாளம். இன்ஜின் பார்க்க மாட்டார், பிரேக்கைத் தொட மாட்டார். சக்கரம் மட்டும். போக்ஸ் கம்பி ஒடிந்தாலும், குழியில் விழுந்து ரிம் நெளிந்தாலும், சுற்றுவட்டார மெக்கானிக்குகள் சக்கரத்தைக் கழற்றி அவரிடம் அனுப்பிவிடுவார்கள். அவர் அதைத் தாங்கியில் மாட்டிச் சுழற்றி, ரிம்மின் ஓரத்தில் சாக்பீஸைப் பிடிப்பார். வெள்ளை எங்கே விழுகிறதோ அங்கே கோட்டம். எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று முறுக்கிவிட்டு மறுபடி சுழற்றுவார். சக்கரம் நேராகும் வரை யார் பேசினாலும் காதில் ஏறாது.

நாற்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக இதே வேலை. அவர் கைபட்ட சக்கரம் இரண்டு வருடம் வாய் திறக்காது என்று கோரிப்பாளையம் வரை பேச்சு.

அந்தப் பேச்சுக்குத்தான் பாண்டிமீனாவின் எக்ஸெல் வண்டி வேட்டு வைத்தது. சமயநல்லூரில் இட்லி மாவு அரைத்து, தினமும் இரண்டு டிரம்மில் கட்டிக் கொண்டுவந்து கடைகளுக்குப் போடுகிறவள் அவள். ஒன்றரை மாதத்தில் மூன்று தடவை பின்சக்கரக் கம்பி ஒடிந்தது.

"அண்ணே, கம்பி ஒடியிதா, இல்ல ஒங்க கை ஒடிஞ்சிருச்சா?" என்றாள், கடையில் ஆள் நிறைந்திருக்கும்போதே.

எல்லாரும் சிரித்தார்கள். காசிமாயனுக்குச் சிரிப்பு வரவில்லை. தை மாதம்தான் கண்ணாடி போட்டிருந்தார். கண் ஏமாற்றுகிறதோ என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அதிகமாகச் சக்கரம் அனுப்பும் ஒர்க்‌ஷாப்காரர் ராஜகுரு வேறு போனில் கேட்டுவிட்டார்: "என்ன காசி, அந்த மாவுக்காரம்மா வண்டி மறுபடியும் ஒடைஞ்சிருச்சாம்ல?"

மூன்றாம் தடவை கம்பி அத்தனையும் புதிதாக மாற்றினார். மகள் திவ்யாவின் நகப்பூச்சை வாங்கி வந்து, கம்பியின் நுனியைப் பிடிக்கும் ஒவ்வொரு நிப்பிளுக்கும் ரிம்முக்கும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். யாராவது திருகினால் கோடு இரண்டாகிவிடும்.

பதினெட்டாம் நாள் இரண்டு கம்பி ஒடிந்த வண்டியோடு பாண்டிமீனா வந்தாள். காசிமாயன் குனிந்து பார்த்தார். ஒரு கோடுகூட சேர்ந்து நிற்கவில்லை.

"ஏத்தா, இதை எவன் தொட்டது?"

"யாரு தொடப் போறா? எங்க வீட்டுக்காரரு வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை கழுவிப் பொட்டு வைப்பாரு. அம்புட்டுத்தான்."

"அவரு என்ன வேலை பாக்குறாரு?"

"தவிலு."

உடனே போன் போடச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் அவள் கணவர் கண்ணுச்சாமி பஸ்ஸில் வந்து இறங்கினார். கேட்டதும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். கழுவி முடித்ததும் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுவாராம். சத்தம் மந்தமாக வந்தால் முறுக்குவாராம். தவில் நட்டுக்கு வைத்திருந்த ஸ்பேனரே போதுமானதாக இருந்ததாம். எல்லாக் கம்பியும் ஒரே சுருதியில் கணீரென்று பேசினால்தான் அவருக்கு மனசு ஆறும்.

"அம்புட்டு லோடு கொண்டு போறாளே, இறுக்கமா இருந்தா நல்லதுன்னுதான் மச்சான்..."

"மாப்ள, ஒங்க தவிலு மேல எவனாச்சும் எம்பது கிலோ மாவை ஏத்திக் குழியில எறக்குறானா? கம்பி கொஞ்சம் அசைஞ்சு குடுக்கணும்யா. வெரச்சு நின்னா ஒடியத்தான் செய்யும்."

பாண்டிமீனா தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு வாட்டி அண்ணனைப் போயி வைஞ்சேன். வாயத் தொறந்தீகளா?"

"நீ கேக்கலையே."

காசிமாயன் முதலில் ராஜகுருவுக்குப் போன் போட்டார். கடையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். அப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து எக்ஸெல் மறுபடி வாசலில் வந்து நின்றது. காசிமாயன் அவசரமாக எழுந்து வந்து, பின்சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

"சக்கரத்துக்கு ஒண்ணுமில்லண்ணே," என்றாள் பாண்டிமீனா. "மாசத்துக்கு ஒருக்காவாச்சும் லேசா முறுக்கிக்கிறலாமான்னு அவரு கேட்டு வரச் சொன்னாரு."

"முறுக்குனா கைய ஒடிப்பேன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டு, காசிமாயன் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.