பல்லில் கவ்விய பறி

சைக்கிளில் பழவேற்காடு போய்வரலாம் என்று சென்னையிலிருந்து கிளம்பியவன், திருப்பாலைவனம் தாண்டியதும் குறுக்குவழி என்று நம்பி ஒரு மண்பாதையில் திரும்பினேன். பாதை ஏரிக்குள் போய் முடிந்தது. காய்ந்த தரை என்று நினைத்த இடத்தில் முழங்கால்வரை சேற்றில் புதைந்தேன்.

கொஞ்சம் தள்ளி நாலு பேர் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். கத்திக் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு எங்க பாடு. வலைய வுட்டுட்டு வர முடியாது. உன் பாடு, நீ பாத்துக்க" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் மீன்பிடி இடத்துக்குத்தான் அங்கே பாடு என்று பெயர்.

தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் வந்தார். இறால் சேர்க்கும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியிருந்ததால் அவரால் பேச முடியவில்லை. என்னையும் சைக்கிளையும் இழுத்துக் கரையேற்றினார்.

வலையை விட்டு வர முடியாதென்ற அதே ஆள் இப்போது வந்தார்.

"யார் பாட்டுல கால வச்ச? இறாலெல்லாம் கலஞ்சி போச்சி!" என்று அந்தப் பெண்ணிடம் கத்தி, பறியை அவள் வாயிலிருந்து பிடுங்கித் தண்ணீரில் கவிழ்த்தார்.

"என்னைத் தூக்கிவிடத்தானே வந்தாங்க" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

வழி தவறினால் நஷ்டம் தவறியவனுக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தப் பெண் காலிப் பறியை எடுத்து உதறினார். அப்போதுதான் பேசினார்.

"இனிமே வழி தப்புனா, வேற எங்கனா போய்த் தப்பு."

நான் வாய் திறப்பதற்குள் பறியைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்.