பாஸ்போர்ட்டில் கொட்டிய ஜெப எண்ணெய்

என் மகளை வெளிநாட்டு விமான நிலையத்தில் ஓர் அறைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் நான். அப்போது அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு பகலைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு மேடையில் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சபையார் பிழை பொறுக்க வேண்டும்.

சீசன் மாதங்களில் குற்றாலம் ஐந்தருவியில் பழக்கடை போடுகிறேன். மற்ற மாதங்களில் வாசுதேவநல்லூர் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை. மகள் பிரிசில்லா வேளாண்மைக் கல்லூரியில் படித்தாள். போன வருஷம் அவள் கல்லூரியிலிருந்து இரண்டு பேரை நெதர்லாந்துக்கு எடுத்தார்கள். கண்ணாடிக் கூடாரத்துக்குள் குடைமிளகாய் வளர்க்கிற பண்ணையில் ஆறு மாதப் பயிற்சி. இன்டர்ன்ஷிப் என்றாள். இடம், சாப்பாடு எல்லாம் பண்ணைக்காரர்கள் பொறுப்பு. அந்த இரண்டு பேரில் இவள் ஒருத்தி. எங்கள் தெருவில் பெண் பிள்ளை தனியாகச் சென்னைக்குக்கூடப் போனதில்லை.

விசா ஒட்டின பாஸ்போர்ட் வந்தது. எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் ஜெபம் பண்ணிக் கொடுத்த எண்ணெயில் ஒரு பொட்டு வைப்போம். பைக்குக்கு வைத்தோம். கடைப் பூட்டுக்கு வைத்தோம். பரீட்சை ஹால் டிக்கெட்டின் பின்பக்கமும் வைப்போம். உங்களிலும் பலர் செய்கிறதுதான். கிளம்புகிற அன்று காலையில் தாயும் மகளும் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பாஸ்போர்ட்டை எடுத்தேன். விசா பக்கத்தை விரித்தேன். சீசாவைச் சாய்த்தேன். மூடி கழன்று விழுந்துவிட்டது. பாதி எண்ணெய் அந்தப் பக்கத்தில் கொட்டியது.

துண்டால் ஒற்றினேன். போகவில்லை. முகப்பவுடரைத் தட்டி உறிஞ்ச வைத்தேன். சட்டையில் எண்ணெய் பட்டால் அப்படித்தானே செய்கிறோம். தேய்த்த தேய்ப்பில் விசா ஸ்டிக்கரின் ஓரம் எழும்பிவிட்டது. விரலால் அழுத்தினேன். மூடினேன். அவள் பைக்குள் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயணம் நின்றுபோகும். என்னால் நின்றது என்பார்கள். அதற்குப் பயந்தேன்.

திருவனந்தபுரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. விமானம் ஏறிவிட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் கடையில் நின்றேன். நெதர்லாந்து விமான நிலையத்திலிருந்து மகளின் போன் வந்தது.

"அப்பா, என்னைய வெளிய விடமாட்டேங்காங்க."

"ஏன்?"

"விசா ஸ்டிக்கர யாரோ பிச்சு ஒட்டிருக்காங்கன்னு சொல்லுதாங்க. ஏதோ வெள்ளப் பொடி வேற இருக்காம். என்ன மருந்துன்னு கேக்காங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லிட்டேன்ப்பா."

தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, கேக்குதா?"

"கேக்குது."

"போலின்னு முடிவு பண்ணிட்டா சாயங்கால பிளைட்லயே திருப்பி அனுப்பிருவாங்களாம். பொறவு இந்தப் பக்கமே வர முடியாதாம்."

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான். நாக்கு எழும்பவில்லை. போன் நின்றுவிட்டது.

அந்த நேரம் அருவியில் தண்ணீர் கூடிவிட்டது. போலீஸ்காரர்கள் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றினார்கள். மழையும் பிடித்தது. ஈரத்துணியோடு அத்தனை பேரும் என் தார்ப்பாய்க்குள் வந்து அடைந்தார்கள். முன்னால் ஜனம். பின்னால் பாறை. வெளியே போக வழியில்லை. கை மட்டும் பழத்தை நிறுத்துக்கொண்டிருந்தது.

பக்கத்துச் சிப்ஸ் கடைக் காதர் எட்டிப் பார்த்தார்.

"என்னவே, அந்தம்மா ரம்புட்டான் கேட்டா நீரு துரியான நிறுக்கீரு? மண்டைல போட்டுரப் போறாங்க."

நான் சிரிக்கவில்லை. அவருக்கு விளங்கவில்லை.

வீட்டிலிருந்து மனைவி மேரி போனில் கூப்பிட்டாள். "ஏங்க, பிள்ள எறங்கிட்டாளா?"

"எறங்கிட்டா."

"சாப்பிட்டாளாமா?"

"பொறவு பேசுதேன்."

ஒன்றை மறைத்தேன். அதன்மேல் இன்னொன்றை மறைத்தேன். அங்கே பிள்ளை ஓர் அறைக்குள். இங்கே நான் இதற்குள்.

பழப்பெட்டிகளுக்கும் பாறைக்கும் நடுவே ஓர் ஆள் குந்துகிற இடம் உண்டு. அங்கே போய்க் குந்தினேன். ஆண்டவரே அவளை விடுவியும் என்றேன். எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. நெஞ்சு இறுகினதுதான் மிச்சம். அப்புறம் ஒன்று உறைத்தது. நான் சொல்லாமலே அவள் வெளியே வர வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிறகு வேறு மாதிரி ஜெபித்தேன். கெடுத்தது நான். சொல்லப் பயமாக இருக்கிறது. என் வாயைத் திறந்துவிடும். சத்தமாகவே சொன்னேன். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டது.

எழுந்து மகளுக்கு அடித்தேன். மூன்று தரம் அடித்தும் போகவில்லை. இவளைப் பயிற்சிக்கு அனுப்பின கல்லூரி மேடத்துக்கு அடித்தேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

"பவுடரா?" என்றார்.

"ஆமா மேடம். மூஞ்சிக்குப் போடுதது."

"அண்ணாச்சி, இத நேத்தே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கணும்."

"சரி, போன கையிலயே வச்சிருங்க. அங்க பண்ணைல பேசுதேன். அவங்க ஏர்போர்ட்டுக்குச் சொல்லுவாங்க."

அரை மணி நேரம் இருக்கும். வீடியோ கால் வந்தது. சட்டையில் பட்டை வைத்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் என் பிள்ளை. கண் வீங்கியிருந்தது.

"அப்பா, மேடம் சொன்னது நெசமா?"

"நெசம்மா. நாந்தான்."

அதிகாரி ஏதோ கேட்டார். பாஸ்போர்ட்டில் எதற்கு எண்ணெய் என்று கேட்கிறார் என்றாள்.

"நீ பத்திரமாப் போய்ச் சேரணும்னுதாம்மா."

அதை அவளால் உடனே இங்கிலீஷில் சொல்ல முடியவில்லை. மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். அந்த அதிகாரி பாஸ்போர்ட்டை விரித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். காதர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏன்வே, அந்தாளு எதுக்குப் பாஸ்போர்ட்ட மோந்து பாக்கான்?"

அதிகாரி கூட வேலை பார்க்கிற ஒரு அம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மாவும் முகர்ந்து பார்த்தார்கள். பவுடர் வாசனை இருந்திருக்கிறது. இரண்டு பேரும் சிரித்தார்கள். விசா எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டு, கொடுத்த ஆபீஸில் கேட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சீக்கிரம் புதுப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு என்று சொல்லி விட்டுவிட்டார்கள். இங்கே நாலு மணிக்கு மகள் கதவுக்கு வெளியே நின்று பேசினாள். அழுதாள். நான் பாறையில் சாய்ந்து நின்றேன்.

அன்று சாயங்காலமே மேரியிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இன்னும் என்னெல்லாம் மறைச்சு வச்சிருக்கீங்க, உள்ளத எல்லாம் சொல்லிருங்க" என்றாள். சொன்னேன்.

அதிகாரி நல்ல மனுஷன், அதனால் விட்டார் என்று காதர் சொல்லுகிறார். இருக்கலாம். அவர் மனதைத் திறந்தது யார் என்று நான் வாதாட மாட்டேன். என் வாயைத் திறந்தது யார் என்று எனக்குத் தெரியும். அது சின்ன அற்புதம் இல்லை. இந்த வாயால் என் தகப்பனாரிடம்கூட ஒருநாளும் மனம்விட்டுப் பேசினதில்லை.

மகள் ஆறு மாதமும் முடித்து வந்துவிட்டாள். இப்போது மேற்படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். சபையில் விவசாயம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படி வழி திறந்தால் அனுப்பி வையுங்கள். நான் எண்ணெய் வைத்தது விசுவாசம் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் பயம். ஆண்டவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டே அவளை விடாமல் நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜெபித்தும் நெஞ்சு இளகாமல் இருக்கிறவர்கள் உங்களில் இருக்கலாம். நான் இருந்தேன். சொல்லாமல் வைத்திருப்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயத்துக்குள்ளும் அவர் வந்து நிற்பார். எனக்கு நின்றார். அவருக்கே நன்றி.