ஒரு போல்ட்டும் என் தலைப்பிரசவமும்

எண்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவம் முடிந்து, ராஜபாளையத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்த என் கணவர், பிரசவத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. 'லீவு ரத்து' என்று தந்திதான் வந்தது.

பிறகு கடிதம் எழுதினார். விமானத்தைச் செய்த கம்பெனி ஓர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறதாம். அந்த ரக விமானம் எல்லாவற்றிலும் வாலைப் பிரித்து, உள்ளே ஒரு போல்ட்டைச் சோதிக்க வேண்டுமாம். அதுவரை ஒன்றும் பறக்கக் கூடாதாம். எனக்கு வந்ததே கோபம்! நன்றாகப் பறக்கிறதை எதற்குப் பிரிக்க வேண்டும்? பெற்ற பிள்ளையைவிட ஒரு போல்ட்டு பெரிதா? "அவிய வந்து காதுல சொல்லாம பிள்ளைக்குப் பேரே கிடையாது" என்று அம்மாவிடம் அடம்பிடித்தேன்.

மழைக்கால மதியங்களில் மகளை அணைத்தபடி கண் அசருவேன். மேற்கே மலையை மேகம் மூடியிருக்கும். மில் சங்கு தண்ணீருக்கடியில் ஊதுவதுபோல் கேட்கும். கனவில் எங்கள் முற்றத்தில் விமானம் நிற்கும். அதன் வாலுக்குள் ஒரு டார்ச் வெளிச்சம் மெல்ல நகரும். எவ்வளவு கூப்பிட்டாலும் அவர் திரும்ப மாட்டார்.

அப்படி ஒரு மதியம் கண் விழித்தால், நனைந்த பையோடு வாசலில் ஓர் இளைஞர். இதுவும் கனவென்றே நினைத்தேன். தென்காசிக்காரராம், என் கணவர் பராமரிக்கும் விமானத்தை ஓட்டும் பைலட். ஊருக்குப் போகிற வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, விசாரித்து வந்திருக்கிறார்.

அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமலே சொன்னார். "நான் ஓட்டுத பிளேன்லதான் அந்தப் போல்ட்டு விரிசல் விட்டிருந்துச்சு. உங்க வீட்டுக்காரருதான் கண்டுபிடிச்சாரு. அவரை ஏசாதீங்க மதினி."

என் வாய் சும்மா இருக்குமா? "பிள்ளையப் பார்க்க அவிய வரலை, நீங்க வந்திருக்கீய" என்றேன்.

"பிளேன் பறக்காததால எனக்கு லீவு கிடைச்சுது. எங்க வீட்டுலயும் பிரசவத்துக்கு இதுதான் மாசம். அதுக்குத்தான் போறேன்" என்றவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே கணவருக்கு எழுதினேன்: 'மிச்ச விமானங்களையும் பார்த்துவிட்டே வாருங்கள். பெயர் காத்திருக்கும்.'

இன்றும் தலைக்கு மேல் விமானம் போனால் நின்றுவிடுகிறேன். என் மகள் பெயரில்லாமல் கிடந்த அந்த நாட்களால்தான் தென்காசியில் ஒரு பிள்ளைக்கு அப்பா இருக்கிறார் என்று நினைக்கும்போது, மனசு நிறைந்துவிடுகிறது.