கோயிலைக் கேட்காதவர்

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மகளின் போன் அடங்கியது. பழங்கால யூதர்களின் வழிபாட்டை ஆராய ஜெருசலேம் போயிருந்தாள். ‘இங்க சைரன் அடிக்குதும்மா’ என்று எழுதியவள் அதன்பிறகு எடுக்கவே இல்லை.

நான் தறியில் இருந்தேன். அன்றுதான் தறியின் நீள இழைகளான பாவு ஒன்று முடிந்திருந்தது. ஆரணியில் பழைய பாவை நாங்கள் யாரும் முழுதாக எடுக்கமாட்டோம். இழைகள் நுழைந்து வரும் அச்சில் ஒரு சாண் விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை அந்த நுனிகளோடு பிணைப்போம். மகள் நினைப்பில் அந்த ஒரு சாணையும் உருவிப் போட்டுவிட்டேன்.

கணவர் வந்து பார்த்தார். “இன்னா பண்ணிட்ட நீ? இனி ஒவ்வொரு இழையா கோக்கணும். பி.ஏ. ஹிஸ்டரி படிச்சவ வேலையா இது?”

“பாவு கெடக்கட்டும். கொழந்த போன் எடுக்கல.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டிவியைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவள் முன்பு அனுப்பியிருந்த கட்டுரையைப் படித்தேன். அதிலாவது அவள் குரல் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ரோமானியப் படை ஜெருசலேமை வளைத்திருந்தபோது, வயதான குரு ஒருவரைச் சீடர்கள் பிணம்போலப் பெட்டியில் வைத்து வெளியே தூக்கி வந்தார்களாம். என்ன வேண்டும் என்றான் படைத்தலைவன். பாடம் நிற்காமல் நடக்க, சிற்றூர் ஒன்றையும் அதன் ஆசிரியர்களையும் கேட்டார் அவர். யூதர்கள் பலியிட்டு வழிபட்ட ஒரே கோயில் அந்த நகரத்தில்தான் இருந்தது; நானாக இருந்தால் அந்தக் கோயிலைத்தான் கேட்டிருப்பேன்.

கோயில் எரிந்தது. பலியிட இடமில்லை, பூசாரிகளுக்கு வேலையில்லை. ஆனால் பலி கொடுத்த வேளைகளை யூதர்கள் விடவில்லை. அதே காலையில், அதே பிற்பகலில், எந்த ஊரில் இருந்தாலும் நின்று தொழுதார்கள். பாவம் தீர இனி வழியில்லையே என்று அழுத சீடனிடம், பிறருக்கு இரங்கு, அதுவும் பலிதான் என்றாராம் குரு.

உருவிக் கிடந்த பாவைப் பார்த்தேன். எல்லாம் சாம்பலான பிறகும் ஒரு சாண் நுனியை விடாமல் பிடித்து, அதில் முற்றிலும் வேறொன்றைப் பிணைத்திருக்கிறார் அந்தக் குரு. நானோ ஒரு போன் அடங்கியதற்கே எல்லாவற்றையும் உருவிப் போட்டேன்.

மறுநாள் யாரோ ஒருவரின் போனிலிருந்து ‘பத்திரம், வரேன்’ என்று வந்தது. கண்ணால் பார்க்காமல் நான் நம்பவில்லை. இப்போதும் போன் அடித்தால் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுக்கிறேன்.

சில நாள் கழித்து, வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கியவள் என் முகத்தைத் துடைத்தாள்.

“அழுதுகினே இருக்காதம்மா. ஓடுறப்ப போன் உடைஞ்சிபோச்சி. யார்கிட்டயாவது போன் வாங்கிப் பேசலாம்னா, பதுங்குற ரூம்லயே எங்க பேராசிரியர் பாடம் நடத்திகினு இருந்தாரு. பாதில எழுந்திருக்க முடியல.”